ஏற்றாத ரத்தம்

அத்தியாயம் பதினொன்று

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை நிறுத்திய நர்ஸ், "ஏதாச்சும் பேசறதுன்னா பேசிக்குங்க. உள்ள போயிட்டா அப்பறம் யாரையும் விட மாட்டாங்க" என்றாள்.

ஜெயபாண்டி ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தான். தூங்காத கண்கள் எரிந்தன. பச்சை அங்கிக்குள் அவன் மனைவி விஜயராணி ரொம்பச் சிறியவளாகத் தெரிந்தாள்.

"நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே" என்றாள்.

"மொதல்ல நல்லபடியாப் போயிட்டு வா."

"இது பதில் இல்லையே."

அவன் போர்வையை இழுத்து அவள் கால்களை மூடினான். பதில் தெரியாதபோதெல்லாம் அவன் இப்படி ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வான் என்பது அவளுக்குத் தெரியும். லேசாகச் சிரித்தாள். கதவு திறந்தது, மூடியது.

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை என்பதுபோலத்தான் நேற்றுச் சாயந்தரம் கேட்டிருந்தாள். "நான் மயங்கிக் கெடக்கையில யாராவது வந்து உங்ககிட்டக் கேட்டா, எனக்காக நீங்க பேசணும். உங்க மனசுல உள்ளதைப் பேசக் கூடாது. என் மனசுல உள்ளதைப் பேசணும்."

அவள் மனதில் உள்ளது இந்த மூன்று மாதத்தில் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் எத்தனையோ டாக்டர்களுக்குத் தெரிந்துபோன விஷயம். ரத்தம் ஏற்றக் கூடாது. உயிரே போனாலும் கூடாது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவர்கள் இருவரும். அவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவள் தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். பக்கத்து மேஜைப் பெண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை யெகோவாவின் சாட்சிகள் கூடும் ராஜ்ய மன்றத்துக்குப் போனவள், கொஞ்ச காலத்தில் தானும் ஒரு சாட்சியாக ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். பிறர் ரத்தத்தை உடம்பில் ஏற்றுவது அவர்கள் நம்பிக்கையில் கூடாது. பொட்டு வைப்பதை விட்டாள். அவன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்தால் அவள் தொடுவதில்லை. அவன் வைத்த இடத்திலிருந்து எடுத்து எறிவதுமில்லை. ஆரம்பத்தில் நடந்த சண்டைகள் வரிசையாக ஒட்டியிருந்த லைன் வீடுகள் முழுக்கக் கேட்டன. பிறகு சண்டை போடுவதிலும் ஒரு சலிப்பு வந்து, குடும்பம் தன்பாட்டில் ஓடியது.

சிறுநீரில் ரத்தம் போவதை அவள் மறைத்தாள். ஷிப்மென்ட் முடியட்டும், மகள் ஆஷாவின் காலேஜ் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். ஒருநாள் செக்கிங் மேஜையிலேயே மயங்கி விழுந்து, ஸ்கேன் எடுத்தபோது, வலது சிறுநீரகத்தில் மாங்காய் அளவு கட்டி. புற்றுநோய்.

பெரிய ரத்தக்குழாயை ஒட்டி வளர்ந்திருந்த கட்டி அது. ரத்தம் கைவசம் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் ஒரு டாக்டர். இன்னொருவர் எழுந்து நின்று கத்தினார். கடைசியில் கோயம்புத்தூரில் இப்படி ரத்தம் வேண்டாம் என்பவர்களுக்கு அறுவை செய்யும் டாக்டர் அருள்குமாரைத் தேடிக் கண்டுபிடித்தது, மன்றத்தில் மூப்பராக இருக்கும் சந்தனம்தான்.

"ஒரு சொட்டுகூட வீணாக்காமச் செய்யோணுமுங்க. அதுக்கு மொதல்ல ஒடம்புல ரத்தம் ஊறோணும்" என்றார் அருள்குமார். வாரக்கணக்கில் இரும்புச்சத்து ஊசியும், ரத்தம் ஊறுவதற்கான ஊசியும் போட்டார்கள். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதைக்கூடக் குழந்தைகளுக்கான சின்னக் குழாயில்தான் எடுத்தார்கள். வெளிறிக் கிடந்த உதடுகளில் மெதுவாக நிறம் ஏறியது.

இன்றைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் டாக்டர் விளக்கியிருந்தார். கத்தி வைக்கும் முன் அவள் ரத்தத்திலேயே கொஞ்சத்தைப் பைகளில் இறக்கி, குழாயைக் கழற்றாமல் பக்கத்திலேயே தொங்கவிடுவார்கள். அதற்குப் பதிலாக மருந்துநீர் உள்ளே போகும். அறுக்கும்போது வெளியேறுவது நீர்த்த ரத்தமாக இருக்கும். முடிந்ததும் பையில் இருப்பது அவளுக்கே திரும்பப் போகும். வெளியே எடுத்துச் சேமித்த தன் ரத்தம்கூட அவளுக்குக் கூடாது; இதில் குழாய் உடம்பை விட்டுப் பிரியாததால், அதற்கு மட்டும் விஜயராணி யோசித்துச் சரி என்றிருந்தாள்.

"அவங்க தெளிவா யோசிச்சுச் சொல்றாங்க. வேண்டாம்னா வேண்டாந்தானுங்க. ஆனா உசுருக்கு உத்தரவாதம் மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க" என்றும் அவர் சொல்லியிருந்தார்.

காத்திருக்கும் கூடத்தில் விஜயராணியின் அண்ணன் இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர், முகம்கூடக் கழுவவில்லை. ஜெயபாண்டியைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

"மாப்ள, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மயக்கம் குடுத்த பெறவு அவளுக்கு என்ன தெரியப் போகுது? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எழுந்த பெறவு தெரியுமே மச்சான்."

"தெரியட்டும். உசுரோட இருந்து கோவப்படட்டும். நாலு மாசம் உங்ககூடப் பேச மாட்டா. பெறவு பேசுவா. செத்துப் போனவ பேசுவாளா?"

ஜெயபாண்டி சுவரைப் பார்த்தான். கட்டிங் டேபிளில் நின்றபடி இதே வார்த்தைகளை அவனே தனக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான். வேறொருவர் வாயிலிருந்து கேட்கும்போது இன்னும் நியாயமாகத்தான் இருந்தது.

கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த சந்தனம் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். இசக்கிமுத்து கையை நீட்டவில்லை.

"ஒங்க டீ எனக்கு வேண்டாம். உம்ம வீட்டுல ஒருத்தருக்கு இப்படின்னா நீரு இப்படித்தான் டீ வாங்கிக் குடுத்துட்டுத் திரிவீரா?"

சந்தனம் நீட்டிய டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "எனக்கும் பயமாத்தான்ணே இருக்கும். இருக்காதுன்னு யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டு, டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

தன் பங்கு டீயை எடுக்க, அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ஆஷா கையை நீட்டினாள். முழுக்கைச் சட்டை மேலேறியது. முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி.

"என்னம்மா இது?" என்றான் ஜெயபாண்டி.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நேத்து கீழ ப்ளட் பேங்க்ல குடுத்தேன்."

"என்னத்தை?"

"ரத்தம்தான். அம்மாவும் நானும் ஒரே குரூப்புப்பா. டெஸ்ட் எல்லாம் பண்ணி எடுத்து வெச்சிருக்காங்க."

சின்ன வயதிலிருந்து அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மன்றத்துக்குப் போனவள் ஆஷா. இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. வரும் வருஷம் எடுத்துக்கொள்வாள் என்று விஜயராணி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். சாட்சிகளுக்கு ரத்தம் ஏற்றிக்கொள்வது எப்படிக் கூடாதோ, அப்படித்தான் கொடுப்பதும்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"யாரைப்பா கேக்கணும்?" அவள் குரல் உடைந்தது. "ஏத்தலைன்னாப் போகுது. வேற யாருக்காவது ஏத்தட்டும். ஆனா, வேணுங்கற நேரத்துல இல்லாமப் போயிரக் கூடாதுல்ல."

இசக்கிமுத்து மருமகளின் தலையில் கையை வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஜெயபாண்டி சந்தனம் இருந்த பக்கம் பார்த்தான். கேட்டிருப்பாரா? அவர் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பியிருந்தார்.

மத்தியானம் வந்தது. யாரும் சாப்பிடவில்லை. டோக்கன் கூப்பிடும் குரலும் லிஃப்ட் மணியும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் இரண்டு தடவை போன் செய்தார், ஜெயபாண்டி எடுக்கவில்லை. பெஞ்சில் தலை சாய்ந்து கண் சொருகும்போதெல்லாம், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

கடைசியில் உண்மையாகவே கூப்பிட்டார்கள்.

"விஜயராணியோட ஆளுங்க யாருங்க?"

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்களில் இளையவள் அவள். கவிப்பிரியா என்று பெயர். காலையில் வந்து விஜயராணியிடம் கனிவாகப் பேசிவிட்டுப் போனவள். முகமூடி கழுத்தில் தொங்கியது. நெற்றி முழுக்க வியர்வை.

"கட்டியை எடுக்கறப்ப பெரிய ரத்தக்குழாய்ல கிழிஞ்சிருச்சுங்க. சார் தைச்சுட்டிருக்காரு. ஆனா ரத்தம் நெறைய போயிருச்சு. பிரஷர் நிக்க மாட்டீங்குது."

"அவ ரத்தத்தையே எடுத்து வெச்சிருந்தாங்களே..."

"அதையும் திருப்பி விட ஆரம்பிச்சாச்சுங்க."

ஜெயபாண்டி எழுந்தான். "டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாரா?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். "இல்லீங்க. நானாத்தான் வந்தேன். கீழ ரத்தம் ரெடியா இருக்குது. நீங்க வீட்டுக்காரரு. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, நான் ஓடிப் போயி சார்கிட்டச் சொல்லீருவேன்."

"சொல்லுங்க மாப்ள!" இசக்கிமுத்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "வாயத் தொறந்து சொல்லுங்க!"

"அப்பா..." என்றாள் ஆஷா. "அது என் ரத்தம்தான்ப்பா. அம்மா குடுத்து எனக்கு வந்ததுதானே?"

ஜெயபாண்டி அந்த மூடிய கதவைப் பார்த்தான். அவள் பிழைத்து எழுந்து, ஏற்றினார்களா என்று கேட்பாள். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று அவன் சொல்வான். அவள் திட்ட மாட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்த முதுகை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். அவனால் அதைத் தாங்க முடியும். ஏற்றியதைத் தாங்க முடியாதவள் அவள்தான்.

"அவ வேண்டாம்னு சொல்லியிருக்காம்மா" என்றான்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள் கவிப்பிரியா.

"நானும் அதைத்தான் சொல்லுதேன். வேண்டாம்."

கவிப்பிரியா அவனை நம்ப முடியாமல் பார்த்தாள். பிறகு திரும்பி ஓடினாள். அவளுக்குப் பின்னால் கதவு ஆடி நின்றது.

இசக்கிமுத்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஒரு பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது. "கொல்லுதீரேய்யா! எந்தங்கச்சிய உக்கார வெச்சுக் கொல்லுதீரேய்யா! உமக்கு அந்தச் சாமியும் கெடையாது, இந்தச் சாமியும் கெடையாது. பெறவு யாருக்காகய்யா வேண்டாங்கீரு?"

ஜெயபாண்டி தடுக்கவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றான். ஆனால் அவர் அடிக்கவில்லை. கையை உதறிக்கொண்டு, "அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க ஊரு மண்ணை நீரு மிதிக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஆஷா அழவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு எதிர்வரிசையில் போய், முகத்தை மறுபக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

சந்தனம் மெல்ல வந்து பக்கத்தில் உட்காரப் போனார்.

"இப்ப எம்பக்கத்துல உக்காராதீங்க" என்றான் ஜெயபாண்டி. "தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப வேண்டாம்."

சந்தனம் தலையாட்டிவிட்டு விலகிப் போனார்.

அதற்குப் பிறகு போன நேரத்தை எப்படிச் சொல்வது? அவன் சாமி கும்பிடவில்லை. எந்தச் சாமியிடம், என்னவென்று கேட்பது? குனிந்து, தெறித்த பொத்தானைத் தேடினான். கிடைக்கவில்லை. இன்னொரு முறை தேடினான்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது டாக்டர் அருள்குமார் வெளியே வந்தார். தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் சிவப்பாக இருந்தது. நின்று பேசத் தெம்பில்லாதவர்போல் ஜெயபாண்டிக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கட்டி முழுசா வந்துருச்சுங்க. கிட்னியோட எடுத்தாச்சு. கிழிஞ்ச எடத்தையும் தைச்சாச்சு. இருக்காங்க."

இருக்காங்க. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஜெயபாண்டி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"ஆனா ரத்தம் ரொம்பக் கம்மியாயிருச்சு" என்று அவர் தொடர்ந்தார். "வேற ஒருத்தருக்குன்னா ரெண்டு பாட்டில் ஏத்திட்டு நான் நிம்மதியா ஊட்டுக்குப் போயிருவேன். இவங்களுக்கு அது இல்லீங்க. ஆக்சிஜன் போகுது, ஊசி போகுது. ஒடம்பே ஊற வெச்சுக்கோணும். அசையக் கூடாது, பேசக் கூடாது, மனசுக்குச் சங்கடமா எதுவும் காதுல விழக் கூடாது. இந்த வாரம் தாண்டோணுமுங்க."

"சரிங்க டாக்டர்."

அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணுங்க. மயக்கம் குடுக்கற அந்தப் புள்ள வந்து உங்ககிட்டக் கேட்டுச்சாமா. கேட்டிருக்கக் கூடாது. பயந்துட்டா. நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு, நீங்க ஏத்துங்கன்னு சொல்லியிருந்தாலும் நான் ஏத்தியிருக்க மாட்டனுங்க. உங்க சம்சாரத்துக்கு வாக்குக் குடுத்தவன் நானு."

ஜெயபாண்டி துண்டை இறக்கினான். "அப்ப நான் என்ன சொல்லியிருந்தாலும்..."

"ஒண்ணும் மாறியிருக்காதுங்க. அதை நெனச்சு நீங்க மனசைப் போட்டு வாட்டிக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போன பிறகும் ஜெயபாண்டி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். யாருக்கும் தேவைப்படாத ஒரு வார்த்தை. அதைச் சொன்னதற்கு மச்சான் போய்விட்டார். மகள் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். இனி இதை அவர்களிடம் எப்படிச் சொன்னாலும் சமாதானம் தேடுவதாகத்தான் படும். உடம்பு முழுக்க அலுப்பு மட்டும்தான் மிச்சமிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவரை மட்டும் விட்டார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவன் போனான்.

விஜயராணி அரைத்த அரிசி மாவைப்போல் வெளுத்திருந்தாள். ஆக்சிஜன் முகமூடி பனித்துத் தெளிந்தது. கண்ணைத் திறந்தவள் அவனை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனாலும் புரிந்தது.

"ஏத்தலை" என்றான்.

அவள் பார்வை அவனை விடவில்லை. மறுபடி உதடு அசைந்தது. கேட்டாங்களா?

"கேட்டாங்க."

நீங்க?

"உம் பேச்சைத்தான் பேசினேன். பேசாமத் தூங்கு."

அவள் விரல்கள் அவன் விரலைத் தேடிப் பிடித்தன. பலமே இல்லாத பிடி. கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவனைப் பார்த்து அவளுக்கு இத்தனை சந்தோஷம் வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அதில் பங்கெடுத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. குனிந்து அந்த நீரைத் துடைத்துவிட்டான்.

ஆஷா, என்றது அவள் உதடு.

வெளியே ஆஷா கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"அம்மா உன்னைக் கேக்கா. போயிட்டு வா. ஒண்ணும் பேசாத, கையைப் பிடிச்சுட்டு வந்துரு."

"பேசாம எப்படிப்பா? நான் ரத்தம் குடுத்ததை அம்மாகிட்டச் சொல்லணும்."

"இன்னைக்கா?" என்றான். "டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டியா இல்லியா? மனசு சங்கடப்படக் கூடாதுன்னாரு. அவ தேறி வீட்டுக்கு வரட்டும். பெறவு சொல்லு. நானும் கூட இருக்கேன்."

"எல்லாரும் அம்மாகிட்ட உண்மையாத்தான் இருந்திருக்கீங்க. டாக்டர், நீங்க, எல்லாரும். நான் மட்டும் இதை ஒளிச்சு வெச்சுட்டு அம்மா கையைப் பிடிக்கணுமா? அம்மா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிரும்ப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

அது அவனுக்குத் தெரியும். மேஜைமேல் விரிந்த துணியில் ஒரு தையல் விட்டிருந்தால்கூட விஜயராணி கண்ணுக்குத் தப்பாது.

"அவ தாங்க மாட்டா, ஆஷா."

"என்னாலயும் தாங்க முடியலைப்பா" என்றாள். காலையிலிருந்து அடக்கியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அழுதுகொண்டே செருப்பைக் கழற்றினாள். அவன் அவள் கையைப் பிடித்தான். பிளாஸ்திரி இருந்த கை. வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தாள். அவன் சட்டென்று விட்டுவிட்டான்.

அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

பின்னால் போகக் கால் எடுத்தவனை வாசல் காவலாளி மறித்தார். "ஒருத்தர் உள்ள இருக்கறாங்கல்லங்க. அவங்க வந்தப்பறம் போலாமுங்க."

கதவில் பதித்த கண்ணாடி வழியாக அவன் பார்த்தான். ஆஷா கட்டிலருகே போய் நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விஜயராணியின் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. மகள் குனிந்து, அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.